அப்பாவின் லாட்டரிச் சீட்டும் மூளையில் வைக்கும் மின்கம்பியும்

அப்பாவின் சட்டைப் பையில் முதன்முறை கேரள லாட்டரிச் சீட்டு கிடைத்தபோது அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் இருப்பது பொள்ளாச்சி. மீனாட்சிபுரம் போய்விட்டால் கேரளா. தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டாலும், பஸ் ஏறிப் போய் ஒரு சீட்டு வாங்கி வருகிறவர்கள் எங்கள் பக்கம் எப்போதும் உண்டு. ஆனால் அப்பா அந்தப் பழக்கம் உள்ளவர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். டீக்கடையில் கொடுத்த பத்து ரூபாயைக்கூட டைரியில் எழுதுகிறவர். எட்டே மாதத்தில் பென்ஷன் கணக்கில் இருந்த சேமிப்பு கரைந்து, அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கேட்டதற்கு, "அடுத்த வாரம் நிச்சயமா விழும் அம்மணி, நம்பர் எல்லாம் குறிச்சு வெச்சிருக்கறேன்" என்றார். நிகழ்தகவுப் பாடம் நடத்திய மனிதர் சொன்ன வார்த்தை இது.

அப்போது அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. லாட்டரி தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால் பிரமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவையும் கூட்டியிருந்தார்கள். இந்த மாத்திரைக்கும் சூதாட்ட ஆசைக்கும் தொடர்பு உண்டு என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்களும் லாட்டரி விஷயத்தை டாக்டரிடம் சொல்லவில்லை, வீட்டு மானம் போகும் என்று. இரண்டு பக்கமும் வாய் திறக்காததில் ஒரு வருஷம் போயிற்று.

பிறகு வேறொரு நரம்பியல் டாக்டரிடம் அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் எங்கள் முன்னால் வைத்த வழிகள் இவை: பிரமிபெக்சோலைக் குறைத்து நிறுத்துவது, டி.பி.எஸ். என்கிற ஆழ்மூளைத் தூண்டல் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் மின்கம்பியை மூளையில் எந்த இடத்தில் வைப்பது என்று இன்னொரு கேள்வி. நடுக்கம், விறைப்பு, நடை இவற்றை வைத்து இந்த வழிகளை ஒப்பிடும் தகவல் எங்கே தேடினாலும் கிடைக்கிறது. ஒரு மனிதர் துணிந்து இறங்கும் சுபாவத்தை ஒவ்வொன்றும் எப்படி மாற்றும் என்று ஒப்பிட்டுச் சொல்வார் இல்லை. எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. அதனால் நாங்கள் தேடிப் படித்ததையும், டாக்டரிடம் கேட்டதையும், யோசித்த விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பார்க்கின்சனில், மூளைக்குள் சேதி கடத்தும் ரசாயனமான டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. உடல் அசைவை நடத்தும் பகுதிக்குப் போகும் டோபமின் முதலில் வற்றுகிறது. ஆசை, எதிர்பார்ப்பு, பரிசு கிடைத்த சந்தோஷம் இவற்றை நடத்தும் பகுதிக்குப் போவது ஆரம்ப வருஷங்களில் ஓரளவு அப்படியே இருக்கிறது. மேட்டுத் தென்னை காய்கிறதே என்று மடையைத் திறந்து விட்டால், பள்ளத்தில் நிற்கும் மரத்தடியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அந்த மாதிரிதான். கை கால் அசைவுக்குப் போதுமான அளவு, ஆசையின் பகுதிக்கு அளவுக்கு மீறியதாகிறது. பிரமிபெக்சோல் அதிகமாகப் போய் ஒட்டும் டி3 என்ற ஏற்பிகள் அந்த ஆசைப் பகுதியில்தான் நிறைய இருக்கின்றன.

இது அபூர்வமான பக்கவிளைவும் இல்லை. அமெரிக்கா, கனடாவில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வந்த ஆய்வில், 13.6 சதவீதம் பேருக்கு சூதாட்டம், கட்டுமீறி வாங்குவது, கட்டுமீறிய பாலியல் ஆசை, அடக்க முடியாமல் தின்பது ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்று டோபமின் செய்யும் வேலையைச் செய்கிற, டோபமின் அகோனிஸ்ட் எனப்படும் மாத்திரை எடுப்பவர்களில் 17.1 சதவீதம், எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஆறு பேரில் ஒருவர் என்றால், அந்த மாத்திரைச் சீட்டை எழுதும்போதே வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

மைக்கேல் ஃபிராங்க் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு செய்த இரண்டு சோதனைகள்தான் எனக்கு இந்த முழு விஷயத்தையும் புரியவைத்தன. 2004-இல் வந்தது முதல் சோதனை. திரையில் இரண்டு குறிகள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில குறிகள் அடிக்கடி சரியாகும், சில அடிக்கடி தப்பாகும். மருந்து எடுக்காத நேரத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் தப்பிலிருந்து நன்றாகக் கற்றார்கள்: எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டார்கள். மருந்து எடுத்த நேரத்தில் அது தலைகீழானது. கிடைத்த வெற்றி மனதில் பதிந்தது, தோல்வி பதியவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விழாத சீட்டுகளை அப்பா கிழித்துக்கூடப் போடவில்லை. நாற்பது, ஐம்பது என்று மேசை இழுப்பறையில் கட்டிவைத்திருந்தார். ஒன்றுகூட அவரைக் குத்தவில்லை. ஒருமுறை ஆயிரம் ரூபாய் விழுந்ததை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சோதனை 2007-இல் வந்தது. இது டி.பி.எஸ். வைத்துக்கொண்டவர்களைப் பற்றியது. சப்தாலமிக் நியூக்ளியஸ் என்று மூளையின் ஆழத்தில் சில மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு இருக்கிறது. எஸ்.டி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உலகம் முழுவதும் பார்க்கின்சனுக்கு மின்கம்பி அதிகம் வைக்கப்படுவது இங்கேதான். இந்த முடிச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு வழிகளும் நல்லதாகத் தெரிந்து மனம் தடுமாறும்போது, "இரு, கொஞ்சம் பொறு" என்று முன்மூளையிலிருந்து வரும் சைகையை வாங்கி, கையை ஒரு கணம் நிறுத்தி வைப்பது. நம் எல்லோருக்கும் கடினமான தேர்வில் நேரம் கூடும். மின்தூண்டல் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த நோயாளிகள் கடினமான தேர்விலும் வேகமாகக் கையை வைத்தார்கள். தூண்டலை அணைத்தால் தயக்கம் திரும்பி வந்தது.

ஆக, மாத்திரை தோல்வியின் வலியை மழுங்கடிக்கிறது. எஸ்.டி.என். தூண்டல் முடிவுக்கு முந்தைய அந்த ஒரு கணத்தைக் குறைக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் 'துணிஞ்சு செய்யறார்' என்றுதான் தெரியும். ஆனால் வீட்டில் வரும் ஆபத்து வேறு வேறு. முதல் வகையில் பணம் போகும், மாதக்கணக்கில், திட்டமிட்டு, ரகசியமாக. இரண்டாவது வகை பெரும்பாலும் ஒரு நொடியில் நடப்பது: ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடப்பது, ஸ்டூல் போட்டுப் பரண் மேல் ஏறுவது, நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து திரும்புவது. டி.பி.எஸ். கை கால் வேகத்தைத் திருப்பிக் கொடுக்கும். உடல் சமநிலையை அந்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்காது. வேகம் வந்து சமநிலை வராத உடம்பில் தயக்கமும் குறைந்தால் விழுவார்கள். எங்கள் டாக்டர் இதைச் சொன்னபோது அம்மா, "அப்பொ லாட்டரிக்குப் பதிலா இடுப்பெலும்பா டாக்டர்?" என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது.

மாத்திரையைக் குறைப்பது

ஆபரேஷன் இல்லை, செலவு இல்லை, வேண்டாமென்றால் பழையபடி திரும்பலாம். அதனால் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அகோனிஸ்ட் மாத்திரையைக் குறைக்கும்போது சிலருக்குப் போதையை விட்டவர்களுக்கு வருவது போலவே வரும்: பதற்றம், திடீர்ப் பயம், வியர்வை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அந்த மாத்திரையையே கேட்பது. 2010-இல்தான் இதற்கென்று ஒரு பெயரே வைத்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், லெவோடோபாவைக் கூட்டிக் கொடுத்தாலும் இந்த வேதனை தீராது. லெவோடோபா என்பது பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து, நம்மூரில் சின்டோபா என்று பலரும் வாங்கும் மாத்திரையில் இருப்பது.

அப்பாவுக்கு ஐந்து மாதம் ஆயிற்று, வாரக் கணக்கில் துளித்துளியாகக் குறைத்து. இரண்டாவது மாதம் மிக மோசம். ராத்திரி இரண்டு மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது மாதக் கடைசியில் ஒருநாள் மேசை இழுப்பறையைத் திறந்து சீட்டுக் கட்டைப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் மூடிவிட்டார். அதற்கப்புறம் மீனாட்சிபுரம் பஸ் ஏறவே இல்லை. தானாக ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலும் விறைப்பும் வரக்கூடும். டாக்டர் அட்டவணை போட்டுக் கொடுத்தபடிதான் குறைக்க வேண்டும். இதில் வீட்டு வைத்தியம் கூடாது.

ஆசை தீர்ந்தது, உடம்பு இறுகியது. லெவோடோபாவை மட்டும் நம்பி நாளைக்கு ஆறு வேளை கொடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உடம்பு தானாக நெளிந்து ஆடும். வேலை செய்யாத நேரத்தில் கட்டிலிலிருந்து எழ முடியாது. டி.பி.எஸ். பற்றிய பேச்சு அப்படித்தான் திரும்ப வந்தது.

எஸ்.டி.என்.-ஆ, ஜி.பி.ஐ.-ஆ

பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற நரம்பியல் அறுவை நிபுணரின் குழு 1987-இல் நடுக்கத்துக்காகத் தொடங்கிய முறை இது. 1990-களில் எஸ்.டி.என்.-இல் வைக்கத் தொடங்கினார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி, அதிலிருந்து கழுத்து வழியாக மூளைக்கு மெல்லிய கம்பி, நொடிக்குச் சுமார் 130 முறை துடிக்கும் மின்சாரம். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய அரசு நிறுவனங்களிலும், சென்னை, கோவையில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள். பல லட்சம் ஆகும், அதில் கருவியின் விலைதான் பெரும்பங்கு. நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். இவை இரண்டு இடத்துக்கும் பொது.

ஜி.பி.ஐ. என்பது மின்கம்பி வைக்கும் இன்னொரு இடம், மூளையில் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியின் உட்பக்கம். எஸ்.டி.என்.-ஐ விடப் பெரிய இடம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 299 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில் கை கால் அசைவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எஸ்.டி.என். வைத்தவர்களுக்கு மருந்தை அதிகம் குறைக்க முடிந்தது. ஆனால் மனச்சோர்வு அளவில் எஸ்.டி.என். குழு கொஞ்சம் மோசமானது, ஜி.பி.ஐ. குழு கொஞ்சம் தேறியது.

இங்கேதான் டாக்டர்களே இரண்டு பக்கம் பேசுவார்கள். ஒரு பக்கம்: சூதாட்டம் மாத்திரையால் வந்தது, எஸ்.டி.என். வைத்தால் மாத்திரையைக் குறைக்கலாம், ஆகவே எஸ்.டி.என். சூதாட்டத்தைத் தீர்க்கும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட எஸ்.டி.என். தூண்டலும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு இப்படிப்பட்ட கட்டுமீறிய நடத்தைகள் குறைந்தன. மறுபக்கம்: எஸ்.டி.என். சின்ன இடம், அதிலேயே அசைவுக்கு ஒரு மூலை, உணர்ச்சிக்கு ஒரு மூலை. மின்சாரம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பரவினாலும், இதுவரை இல்லாத துடுக்குத்தனமோ அளவு கடந்த குதூகலமோ வரலாம். பெரும்பாலும் கருவியின் மின்சார அமைப்பை மாற்றினால் அடங்கிவிடும், ஆனால் அதற்கு முதலில் யாராவது கவனித்துச் சொல்ல வேண்டும்.

நாங்கள் யோசித்தது இப்படி. எஸ்.டி.என்.-இன் பெரிய லாபம் மருந்து குறைவது. அப்பாவுக்குக் கெடுதல் செய்த மருந்தை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. அந்த லாபம் எங்களுக்குப் பாதிகூட இல்லை. அவருக்கு இப்போது பெரும் தொல்லை உடம்பு நெளிந்து ஆடுவது, அதை ஜி.பி.ஐ. தூண்டல் நேரடியாகவே அடக்கும். அந்த இரண்டாவது மாதத்து வாசல்படி இரவுகளை நாங்கள் மறக்கவில்லை. மனச்சோர்வுப் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்க விருப்பமில்லை. ஜி.பி.ஐ.-க்குப் பொதுவாக மின்சாரம் அதிகம் தேவைப்படும், பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் சார்ஜ் செய்யும் பேட்டரி பற்றிக் கேட்டோம். ஜி.பி.ஐ. என்று முடிவானது.

ஆனால் வேறொரு வீட்டில் இது தலைகீழாக இருக்கலாம். மாத்திரையைக் குறைத்தாலே உடம்பு தாங்காமல் அகோனிஸ்ட்டை விட முடியாமல் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தால், நோய்க்கு முன்னால் நிதானமானவராக இருந்து, மாத்திரைக்குப் பிறகுதான் மாறினார் என்றால், எஸ்.டி.என். அவரை மீட்கக்கூடும். நோய் வருவதற்கு முன்பே சீட்டாட்டம், கடன் வாங்கி வியாபாரம் என்று பாய்கிறவர் என்றால், அந்தத் தயக்க முடிச்சைத் தொடுவதற்கு முன் மிக நிறைய யோசிப்பேன். இளவயதுச் சுபாவம் பற்றி டாக்டர்கள் கேட்காமல் போகலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

எங்கே வைத்தாலும் முதல் வருஷம் மனநிலையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். எஸ்.டி.என். ஆபரேஷன் செய்துகொண்ட 5,311 பேரின் விவரத்தைத் திரட்டி 2008-இல் வந்த ஆய்வில் 24 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். முதல் வருஷத்தில்தான் அந்த ஆபத்து அதிகம். பயமுறுத்த எழுதவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது, இனி எல்லாம் சரி என்று வீடு அசந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலி அலையால் மூளையில் ஒரு புள்ளியைச் சுடும் முறை முக்கியமாக நடுக்கத்துக்கு. செய்தால் செய்ததுதான், திருப்ப முடியாது. பம்ப் மூலம் தோலுக்கடியில் ஏற்றும் அபோமார்ஃபின் என்ற மருந்து தானே ஒரு அகோனிஸ்ட், அதனால் எங்கள் பட்டியலில் ஏறவில்லை. தம்பி, தலையில் மாட்டிக்கொள்ளும் மின்பட்டை ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு, "இதை மாட்டினா நிதானம் வருமாம்க்கா" என்றான். ஆய்வுக்கூடத்தில் வெளியிலிருந்து தூண்டுவது துணிச்சலை மாற்றியிருப்பது உண்மைதான். 2006-இல் ஆரோக்கியமான 27 பேரிடம் வலது முன்மூளையைக் காந்தத் துடிப்பால் கொஞ்ச நேரம் மந்தப்படுத்தியபோது அவர்கள் பெரிய ஆபத்துள்ள பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருஷமே முன்மூளையின் இரண்டு பக்கமும் மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது துணிச்சல் குறைந்ததாக ஒரு ஆய்வு வந்தது. எந்தப் பக்கம், எந்தத் திசை என்பதைப் பொறுத்து கூடவும் குறையவும் செய்கிற ஒன்றை, பார்க்கின்சன் உள்ள மனிதரின் தலையில் வீட்டிலேயே மாட்டிப் பார்க்க நான் சம்மதிக்கவில்லை.

பணத்துக்குப் போட்ட பூட்டு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்தே. மாத்திரை குறைந்து ஆசை தணிய மாதங்கள் ஆகும், அதுவரை பணம் காத்திருக்காது. பென்ஷன் கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக்கினோம். ஏ.டி.எம். கார்டு அம்மாவிடம். அப்பாவின் போனில் யு.பி.ஐ. உள்ள கணக்கில் வாரத்துக்கு ஆயிரம் ரூபாய் மட்டும். தோப்புப் பத்திரம் அத்தை வீட்டு பீரோவில். இதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, "இது உங்க தப்பு இல்லீங்கப்பா, மாத்திரை பண்ணுன வேலை" என்று சொல்லித்தான் செய்தோம். கோபப்பட்டார். மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் அவரே டைரியில் செலவெழுதத் தொடங்கினார்.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. ஆட்டம் நன்றாக அடங்கிவிட்டது. மாத்திரை வேளை குறையவில்லை, அது தெரிந்துதான் போனோம். அமைப்பு மாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் அம்மா ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறார்: தூக்கம், கோபம், செலவு, எத்தனை முறை தடுமாறினார், யாரிடமாவது கடன் கேட்டாரா. டாக்டர் முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கிப் படிக்கிறார். இன்னொன்று, தோள்வலிக்குப் பிசியோதெரபி போகிறவர்கள் உண்டு. டி.பி.எஸ். வைத்தவர்களுக்கு டையதெர்மி என்ற சூட்டுச் சிகிச்சை கூடவே கூடாது, கம்பி வழியாகச் சூடு மூளைக்கு ஏறிவிடும். அப்பாவின் சட்டைப் பையில் இப்போது அதை எழுதிய அட்டை இருக்கிறது.

போன வாரம் ஏ.டி.எம். கார்டைத் திருப்பிக் கேட்டார். தை பிறக்கட்டும், டாக்டரிடமும் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சரி என்றார்.